கூட்டத்தில் ‘எஸ்’ என்று சொல்லிவிட்டு இரவில் மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு

‘ஆங்கிலத்தில் தன்னம்பிக்கையோடு கருத்துச் சொல்வது எப்படி, அதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தால் போதுமா’ என்று நீங்கள் தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். கீழே நீங்கள் விவரித்திருக்கும் நிகழ்ச்சியோ வேறொரு கேள்வியைக் கேட்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பொறியியல் முடித்து, வடபழஞ்சி எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் நீங்கள், செவ்வாய்க்கிழமை மாலை அமெரிக்க வாடிக்கையாளரோடு நடந்த காணொளிக் கூட்டத்தில், அவர்கள் முன்வைத்த திட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தும் ‘எஸ், ஐ அக்ரீ’ என்று சொல்லிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு அந்த ஓட்டையைப் பற்றி அரைப்பக்க மின்னஞ்சல் எழுதியிருக்கிறீர்கள். ‘இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர் அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை’ என்று மறுநாள் உங்கள் மேலாளர் கேட்டிருக்கிறார். அப்படியானால் ஆங்கிலம் உங்களிடம் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. மேலிடத்தில் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மறுப்பை அதற்குரிய அளவோடு எப்படிச் சொல்வது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தமிழ் வழியில் படித்து வந்தவள்தான் நானும். இடையில் ஐதராபாத்தில், அந்நாளில் மத்திய ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனம் என்ற பெயரில் இயங்கி இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட இடத்தில், மொழி கற்பித்தலில் பயிற்சி பெற்றேன். மென்பொருள் அலுவலகத்தில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. மனநல மருத்துவமும் என் துறையன்று. ஆகவே வாடிக்கையாளர் கூட்டத்தின் வழக்கங்களைப் பற்றி நான் சொல்வதை உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மொழியைப் பற்றிச் சொல்வதை மட்டும் கொஞ்சம் நம்பலாம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் உரையாடும்போது ஒருவர் பேச்சு முடிவதற்கும் அடுத்தவர் பேச்சு தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த 10 மொழிகளில் கேள்வி பதில்களை அளந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிநொடிகள், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று தெரியவந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் நம் ஊர்த் தேநீர்க்கடைப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர் எவரும் தமிழ் அதைவிட நிதானம் என்று சொல்ல மாட்டார். ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல, தாய்மொழியிலேயே 600 மில்லிநொடிக்குக் குறையாமல் பிடிக்கிறது. ஒற்றைச் சொல்லுக்கே அவ்வளவு நேரம் வேண்டும்போது 200-க்குள் பதில் வருகிறதென்றால், எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நம் வாக்கியத்தைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம் என்றுதான் பொருள். இரண்டாம் மொழியில் இந்த இரண்டு வேலையும் ஒன்றன் கழுத்தை ஒன்று நெரிக்கின்றன. அமெரிக்கர் பேசும் உச்சரிப்பைப் புரிந்துகொள்வதற்கே உங்கள் கவனம் முழுவதும் செலவாகிவிடுகிறது. கட்டத் தொடங்கும் நேரத்தில் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடுகிறது. பதினொரு மணி மின்னஞ்சலில் இந்த நெருக்கடி இல்லை. அங்கே நன்றாக எழுதுகிற அதே ஆள் இங்கே ஊமையாவது நேரப் பற்றாக்குறையால் என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். ‘எனக்குத் தைரியம் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதியாவது இதுதான்.

இதற்கான மருந்தும் ஐயமற்றதே. பேசுவதற்கு முன் திட்டமிட நேரம் கொடுத்தால் இரண்டாம் மொழிப் பேச்சு என்ன ஆகிறது என்று ஃபாஸ்டர், ஸ்கேஹன் என்ற இருவர் 1996-இல் ஆராய்ந்தார்கள். வெறும் 10 நிமிடம் கொடுத்ததில் தயக்கங்கள் குறைந்தன, வாக்கியங்கள் வளமாயின. இலக்கணப் பிழை குறைவது மட்டும் அவ்வளவு சீராக இல்லை. உங்கள் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் முந்தைய நாளே வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரவு பதினொரு மணி மின்னஞ்சலைச் செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு எழுதுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். எழுதியதை மூன்று வாக்கியமாகச் சுருக்கி, வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். இது பார்த்து எழுதுவது போன்ற குறுக்கு வழி என்று என் மாணவர்கள் சிலர் கூச்சப்பட்டதுண்டு. உங்கள் கூட்டத்தில் சரளமாகப் பேசுகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இனி, வகுப்புகளில் அவ்வளவாகச் சொல்லித்தரப்படாத, ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு மிகவும் தேவையான ஒன்று. தமிழில் ஒரு கருத்தின் எடை வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. வைகையில் தண்ணீர் வருமா என்று கல்பாலத்தருகே நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வருசம் ஆத்துல தண்ணி வரும்’ என்பது வரை நால்வரும் ஒன்றுபோலத் தொடங்கலாம். ஒருவர் ‘வரும்னு நினைக்கிறேன்’ என்று முடிப்பார். இன்னொருவர் ‘வருமாம்’ என்று பழியை வேறு யார் மேலாவது போட்டுவிடுவார். மூன்றாமவர் ‘வருமோ என்னமோ’ என்பார். நான்காமவர் ‘வரத்தான் செய்யும்’ என்று அடித்துச் சொல்வார். வாக்கியத்தின் பெரும்பகுதியைச் சொல்லி முடித்து, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, அது சுளித்தால் கடைசி அசையில் ஜகா வாங்கிக்கொள்ளும் வசதி நமக்கு உண்டு. ஆங்கிலம் அந்த வசதியை எளிதில் தராது. ‘ஐ திங்க்’ என்பதும், ‘அப்பேரன்ட்லி’ என்பதும், ‘மைட்’ என்பதும், ‘டெஃபினிட்லி’ என்பதும் பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்திலோ வினைச்சொல்லுக்கு முன்னோ வந்து நிற்கின்றன. அதாவது, எவ்வளவு உறுதியாகச் சொல்லப் போகிறோம் என்பதை வாயைத் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர் கருத்தை முதலில் கட்டி, எடையைக் கடைசியில் வைக்கலாம் என்று காத்திருக்கிறார்; கடைசியில் வைக்க அங்கே இடமே இல்லை. விளைவாக இரண்டில் ஒன்று நடக்கிறது: எடை எதுவும் இல்லாமல் ‘இட் இஸ் ராங்’ என்று கல்லைப் போல் வந்து விழுகிறது, அல்லது எதுவுமே வருவதில்லை.

முதல் வகை எனக்கே நேர்ந்தது. ஐதராபாத் பயிற்சியின் இரண்டாவது வாரத்தில், கேள்வித்தாள் தயாரிப்பது குறித்து ஒரு மூத்த ஆசிரியர் சொன்னதற்கு, ‘நோ சார், யூ மஸ்ட் சேஞ்ச் திஸ்’ என்றேன். ‘இதை மாத்தணும் சார்’ என்பதைத்தான் சொன்னதாக நினைத்தேன். அறை அமைதியானது, அவர் என்னை அந்த வாரம் முழுவதும் கேள்வி கேட்கவில்லை. நம்முடைய ‘வேண்டும்’, ‘ணும்’ என்பது தேவையை, விருப்பத்தை, பரிந்துரையை, கட்டளையை எல்லாம் ஒரே கூடையில் சுமக்கும். ஆங்கிலத்தின் ‘மஸ்ட்’ எதிரில் இருப்பவரை நோக்கிச் சொல்லப்படும்போது கட்டளைப் பக்கமே சாய்கிறது. அதே போல நம்முடைய ‘லாம்’ மிக அழகான பின்னொட்டு. ‘இதை மாத்தலாம்’ என்றால் அனுமதியும் உண்டு, சாத்தியமும் உண்டு, பணிவான யோசனையும் உண்டு. அதன் இடத்தில் ஆங்கிலத்தில் ‘வி குட் சேஞ்ச் திஸ்’ என்று ‘குட்’ (could) போட வேண்டும். ‘மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும்’ என்ற அளவுக்கு உறுதி இருந்தால் ‘ஐ திங்க் வி நீட் டு சேஞ்ச் திஸ்’. நடுவில் ‘வி ஷுட்’. ‘குட்’, ‘ஷுட்’, ‘நீட் டு’ என்ற மூன்று படிகளை மட்டும் ஒருவர் வேறுபடுத்திப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாலே அவர் பேச்சு ‘தன்னம்பிக்கை’ உள்ளதாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வெளியே தன்னம்பிக்கையாகத் தெரிவது பெரும்பாலும் இந்த அளவுகோல்தான் என்பதே என் துணிபு. ‘மே பி’, ‘ஜஸ்ட்’ என்று வாக்கியத்துக்கு மூன்று தயக்கச் சொற்களைச் சேர்ப்பது பணிவு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்; அது கருத்தையே கரைத்துவிடும். ஒரு கருத்துக்கு ஓர் எடைக்கல் போதும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். நாம் ‘ஐ ஹேவ் எ டௌட்’ என்று சொல்வது ‘எனக்கு ஒரு சந்தேகம், விளக்குங்கள்’ என்ற பொருளில். இந்தியர்களுக்குள் அது முழுக்கப் புரியும். தவறென்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கர் காதில் அது ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்று விழக்கூடும். வெறும் விளக்கம்தான் வேண்டுமென்றால் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’. உண்மையிலேயே ஓட்டை இருப்பதாகத் தோன்றினால் ‘ஐ ஹேவ் எ கன்சர்ன்’. உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு வேண்டியிருந்த சொல் இந்த ‘கன்சர்ன்’. அதே வரிசையில் ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்பதையும் தவிருங்கள். மரியாதையைப் பெயரில் வைத்திருக்கும் அந்தத் தொடர், அடுத்து வருவது கடுமையான மறுப்பு என்ற அறிவிப்பாகவே ஆங்கிலத்தில் பழகிவிட்டது.

மரியாதை என்றதும் உங்கள் கேள்வியின் மையத்துக்கு வந்துவிட்டோம். ‘எதிர்த்துப் பேசினால் மரியாதை இல்லாதவன் ஆகிவிடுவேனோ என்று தொண்டை அடைக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் எவ்வளவு கடுமையான மறுப்பையும் ‘ங்க’ என்ற ஓரசை தாங்கிக்கொள்ளும். ‘அது சரியா வராதுங்க’ என்று உங்கள் தாத்தா ஊர்க் கூட்டத்தில் எவரிடமும் சொல்லியிருப்பார். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே. வினைமுற்றிலும் மரியாதை விகுதி கிடையாது. அந்த ‘ங்க’ கழன்றுவிட்டதும் மேல்துண்டில்லாமல் சபையில் நிற்பது போன்ற உணர்ச்சி வருவது இயல்பே. அதை ஈடுகட்டத்தான் நாம் வாக்கியத்துக்கு நாலு ‘சார்’ போடுகிறோம். பணிவு மொழியில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி உலகெங்கும் எடுத்தாளப்படும் கோட்பாட்டை உருவாக்கிய பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் அதற்காக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ் என்பதும், அதற்கான தரவுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திரட்டப்பட்டவை என்பதும் பலருக்குத் தெரியாது. மற்ற இரண்டு, ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிகளிலும் மறுப்பை மென்மைப்படுத்தும் உத்திகள் ஒரே வகையாக இருப்பதை அவர்கள் காட்டினார்கள். கருவிகள்தான் வேறு வேறு. ஆங்கிலம் இதற்குப் பயன்படுத்தும் முக்கியக் கருவி இறந்தகால வடிவம். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் வி குட்…’ என்பதில் இறந்தகாலம் எதுவும் இல்லை. அதுதான் அவர்களுடைய ‘ங்க’. இதைப் புரிந்துகொண்ட ஒரு மாணவி, ‘அப்போ வுட், குட் எல்லாம் அவங்க ஊர் வாங்க போங்க-வா மேடம்’ என்று கேட்டாள். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சரி, இவற்றையெல்லாம் 200 மில்லிநொடிக்குள் எப்படி நினைவுபடுத்துவது? முடியாது. அதனால்தான் நினைவுபடுத்தத் தேவையில்லாதபடி சில தொடர்களை முழுதாக மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். சரளமாகப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கணத்திலிருந்து புதிதாகக் கட்டுவதில்லை, ஆயத்தமாக வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான தொடர்களைக் கோத்துப் பேசுகிறார்கள் என்று பாலி, சைடர் என்ற இருவர் 1983-இல் எழுதியதை இந்தத் துறையில் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். நமக்கு இது புதிதன்று. நம் ஊர்ப் பட்டிமன்றங்களைக் கவனியுங்கள். சாலமன் பாப்பையா அவர்கள் நடுவராக இருக்கும் மேடையில் முதன்முறை ஏறுகிற இளைஞருக்குக் கூட ‘நடுவர் அவர்களே’ என்பதும், ‘எதிரணி நண்பர் ஒன்றை மறந்துவிட்டார்’ என்பதும் தானாக வருகின்றன. அந்தத் தொடரைச் சொல்லி முடிக்கும் இரண்டு நொடியில் அடுத்து வர வேண்டிய வாதத்தை அவர் தேடிக்கொள்கிறார். உங்கள் கூட்டத்துக்கு அப்படி ஆறேழு தொடர்கள் போதும். இடம் பிடிப்பதற்கு ‘கேன் ஐ கம் இன் ஹியர்?’, பாதி ஒப்புக்கொண்டு மறுப்பதற்கு ‘ஐ சீ த பாயிண்ட், பட் ஐ ஹேவ் எ கன்சர்ன் அபௌட்…’, கருத்தை முன்வைக்க ‘த வே ஐ சீ இட்…’, உறுதி குறைவாக இருந்தால் ‘ஐம் நாட் ஃபுல்லி ஷ்யூர், பட்…’, நேரம் வேண்டுமென்றால் ‘லெட் மி திங்க் அபௌட் தட் ஃபார் எ செகண்ட்’, பாதியில் யாராவது குறுக்கிட்டால் ‘லெட் மி ஜஸ்ட் ஃபினிஷ் திஸ் பாயிண்ட்’, புரியாவிட்டால் ‘டு யூ மீன் தட்…’ என்று தொடங்கி அவர் சொன்னதையே நீங்கள் திருப்பிச் சொல்வது. கடைசியில் சொன்னதற்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் அது உங்கள் புரிதலைச் சரிபார்க்கிறது, கூடவே நேரத்தையும் வாங்கித் தருகிறது, அதே சமயம் நீங்கள் கவனமாகக் கேட்கிறீர்கள் என்றும் காட்டுகிறது. பட்டிமன்றத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது: நீண்ட முன்னுரை. நாம் காரணங்களை அடுக்கி ‘ஆகவே’ என்று முடிவுக்கு வருவோம். அமெரிக்கக் கூட்டத்தில் மூன்றாவது காரணம் வரும்போது யாராவது ‘ஸோ, வாட் ஆர் யூ சேயிங்?’ என்பார், அந்தக் கேள்வியில் ஆள் நொறுங்கிவிடுவார். முடிவை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள், காரணம் பின்னால் வரட்டும்.

எதிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது என்பதில் பலர் தவறுகிறார்கள். ‘சமூக ஊடகம் நல்லதா கெட்டதா’ என்பது போன்ற தலைப்பைக் கொடுத்துக் கருத்துச் சொல்லச் சொல்வது நம் வகுப்புகளின் வழக்கம். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில், இலக்கணப் பாடம் நடத்தாமல் செயல்களின் வழியாகவே ஆங்கிலம் கற்பிக்கும் புகழ்பெற்ற சோதனையை நடத்திய என்.எஸ். பிரபு, வகுப்பறைச் செயல்களை மூன்றாகப் பிரித்தார்: தகவல் இடைவெளி (ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்வது), காரண இடைவெளி (கொடுத்த தகவலிலிருந்து யோசித்து விடையை வருவிப்பது), கருத்து இடைவெளி (தம் விருப்பத்தையோ கருத்தையோ சொல்வது). மூன்றில் காரண இடைவெளிச் செயல்களே அதிகம் பயன்தந்ததாக அவர் கண்டார். கருத்துச் சொல்லும் செயல்களில் எது சரி என்று உறுதிப்படுத்திக்கொள்ள எதுவும் இல்லாததால் ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகள் பாதுகாப்பின்றி உணர்கிறார்கள் என்றார். என் வகுப்பிலும் அப்படித்தான். ஆரப்பாளையத்திலிருந்து காலை 9 மணிக்குள் ஒத்தக்கடைக்குப் போக வேண்டும், எந்த வழி, ஏன் என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளையும் திறக்கும், ஏனென்றால் காலடியில் கெட்டியான தரை இருக்கிறது. ஆகவே நீங்களும் ‘எனக்கு என்ன தோன்றுகிறது’ என்பதில் தொடங்காதீர்கள். உங்கள் வேலையிலேயே இரண்டு வழிகளை எடுத்து, இது ஏன் அதைவிட மேல் என்று காரணம் சொல்லிப் பழகுங்கள். நிரல் எழுதுகிறவருக்கு இதைவிட வசதியான பொருள் வேறு கிடைக்காது.

பழகும் முறைக்கு நான் 4-3-2 என்பதையே சொல்வேன். ஒரே பொருளை ஒருவரிடம் 4 நிமிடத்திலும், வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், இன்னொருவரிடம் 2 நிமிடத்திலும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் இதைப் பரவலாக்கினார். மூன்றாவது முறையில் வேகம் கூடுவதையும் தடுமாற்றம் குறைவதையும் 1989-இல் பதிவு செய்தார். மூன்று பேர் கிடைக்காவிட்டால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டுதான் போகிறார்கள். உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இலக்கணப் பிழை, உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக. ஹவாயில் வாழ்ந்த ‘வெஸ்’ என்ற புனைபெயர் கொண்ட ஜப்பானிய ஓவியரை மூன்றாண்டுகள் கவனித்து ரிச்சர்ட் ஷ்மிட் 1983-இல் எழுதியது இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. அந்த மனிதரின் இலக்கணம் மூன்றாண்டில் ஏறக்குறைய நகரவே இல்லை. ஆனால் அவரோடு பேச எல்லோரும் விரும்பினார்கள், அவர் தம் வேலைகளை ஆங்கிலத்திலேயே முடித்துக்கொண்டார். இலக்கணம் வேண்டாம் என்பதற்கு இது சான்றன்று; அது சரியாகும் வரை வாய்திறக்கக் காத்திருக்க வேண்டாம் என்பதற்கு மட்டும் சான்று. உச்சரிப்பில், குறில் நெடில் வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ‘ஷிப்’, ‘ஷீப்’ குழப்பம் தமிழருக்குக் குறைவு. நாம் சறுக்குவது அழுத்தத்தில். ‘இன்னிக்குத்தான்’ என்பதை ‘டுடே ஒன்லி’ என்கிறோம். ஆங்கிலம் அந்தத் ‘தான்’-ஐக் குரலை உயர்த்திக் காட்டுகிறது. உங்கள் மறுப்பில் எந்தச் சொல் முக்கியமோ, அந்த ஒரு சொல்லை மட்டும் சற்று உயர்த்தி, நீட்டிச் சொல்லுங்கள். ‘அமெரிக்க உச்சரிப்பு’ கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இதுவரை சொன்னவை நான் உறுதியாக நிற்கக்கூடியவை. இனி வருவதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. அயல்மொழி வகுப்பில் வரும் அச்சத்தை அளக்க எலைன் ஹார்விட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அச்சம் அதிகமுள்ளவர்களின் தேர்ச்சி குறைவாக இருப்பது பல இடங்களில் காணப்பட்டது. அச்சத்தால் மொழி தடுமாறுகிறதா, மொழித் தடுமாற்றத்தால் அச்சம் வருகிறதா என்பதில் அன்று தொடங்கிய வாதம் முடியவில்லை. ஆகவே ‘முதலில் பயத்தை விடுங்கள், ஆங்கிலம் தானாக வரும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள், இன்னும் தீர்ப்பாகாத வழக்கில் தீர்ப்பைச் சொல்கிறார்கள். ஆங்கிலத் திரைப்படம் பார்த்தால் பேச்சு வருமா என்றால், கேட்கும் திறன் வளரும், அது உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மறுத்துப் பேச நாக்கு பழகுவது நாமே பேசினால்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பொறுத்தவரை, ஒரு வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் பேசியது ஐந்து நிமிடத்துக்குக் குறைவென்றால் சேர வேண்டாம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றங்கள் சபைக்கூச்சத்தைப் போக்க நல்லவை; ஆயினும் அங்கே உங்கள் முறை வரும் என்று தெரியும், கூட்டத்தில் முறையை நீங்களே பிடிக்க வேண்டும்.

நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை. வாடிக்கையாளர் இல்லாத நாளில், எல்லோரும் தமிழ் பேசும் உங்கள் குழுக் கூட்டத்தில், மேலாளர் சொல்வது தவறென்று தோன்றினால் தமிழில் சொல்கிறீர்களா? சொல்கிறீர்கள் என்றால் மேலே எழுதியது போதும். அங்கேயும் வாய்மூடி இருக்கிறீர்கள் என்றால் அது ஆங்கிலச் சிக்கல் அன்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில், நான் ‘டெவலப்மென்ட்’ என்ற சொல்லைத் தப்பாக உச்சரித்ததற்கு வகுப்பே சிரித்தது. அதன் பிறகு இரண்டாண்டுகள் தமிழிலும் கேள்வி கேட்காமல் இருந்தேன். நீங்களும் அப்படி எதையாவது சுமந்து வந்திருக்கலாம். அதற்குத் தொடர்களை மனப்பாடம் செய்வது ஓரளவுதான் உதவும். உங்களை மதிக்கும் ஒரு மூத்தவர் அந்தக் கூட்டத்தில் இருப்பது அதைவிட அதிகம் உதவும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மேலாளர் அப்படிப்பட்டவராகவே தெரிகிறார், ஏனென்றால் அவர் கேட்டது கண்டிப்பைவிட ஆதங்கமாக இருக்கிறது.

கடைசியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தம்பி. திங்கட்கிழமை அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: நிரலில் மூன்றாவது பொருளைப் பற்றி எனக்கு ஒரு ‘கன்சர்ன்’ இருக்கிறது, கூட்டத்தில் இரண்டு நிமிடம் தாருங்கள் என்று. அந்த இடம் வந்ததும் அவர் உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பார். முறையைப் பிடிக்கும் வேலை அவரோடு போயிற்று. உங்களிடம் மூன்று வாக்கியம் ஏற்கெனவே இருக்கும்.